கடைசித் துண்டுக் குழாய்

என் மனைவிக்கு எங்கள் தெருவில் தராசு என்று பெயர். வைத்தது நான் இல்லை. நான் வைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் மோசமாக வைத்திருப்பேன். லாரி பார்சல் ஆபீசில் மூட்டைகளை எடைபோட்டு ரசீது எழுதுகிற வேலை அவளுக்கு. முதலாளியின் மச்சினன் மூட்டையே வந்தாலும் முள் எங்கே நிற்கிறதோ அங்கேதான் அவள் பேனாவும் நிற்கும். ஒருமுறை நான் சரிசெய்த மோட்டார் ஒன்றை வெளியூருக்கு அனுப்பப் போனேன். "கொஞ்சம் பார்த்துப் போடேன்" என்று கண்ணைச் சிமிட்டினேன். பார்த்துத்தான் போட்டாள், ஒரு காசு குறையாமல். மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்த சிரிப்பில் நான் டீகூடக் குடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தெருவில் அண்ணன் தம்பிக்குள் சுவர்ச் சண்டை, வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் கரண்ட் பில் சண்டை என்றால் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். மோட்டார் ரிப்பேர் என் தொழில். நான் முன்னறையில் உட்கார்ந்து செம்புக் கம்பியைச் சுற்றி மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருப்பேன். நான் ஏதோ கதவு நிலை என்பதுபோல என்னைத் தாண்டி உள்ளே போவார்கள். அவள் இரண்டு பக்கமும் கேட்டு, பிரித்துச் சொல்வாள். திரும்பிப் போகும்போது இருவர் முகமும் சுருங்கியிருக்கும். "ரெண்டு பேருக்கும் பிடிக்கலைன்னா சரியாப் பிரிச்சிருக்கேன்னு அர்த்தம்" என்பாள்.

இப்போது யாரும் வருவதில்லை. தெரியாமல் யாராவது வந்தாலும் அவள் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுகிறாள். வந்தவர் என் முகத்தைப் பார்ப்பார். நான் காயிலைப் பார்ப்பேன்.

அவள் சரியாகப் பிரிக்காத ஆள் ஒருத்திதான் இருந்தாள், அவள் தங்கை. அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, சித்தப்பா வீட்டில் ஒட்டுக்குடியாக வளர்ந்தவர்கள் இருவரும். அக்காவுக்கே விவரம் தெரியாத வயது, தங்கை இடுப்பில் இருக்கிற குழந்தை. ஒரு பன் கிடைத்தால் அக்கா அதைப் பிய்த்து, "இந்தா, சரிபாதி" என்று பெரிய துண்டை நீட்டுவாளாம். போர்வை ஒன்றுதான். "ஆளுக்குச் சரிபாதி" என்று சொல்லிப் படுத்துக்கொண்டு, தங்கை கண்ணயர்ந்ததும் முழுவதையும் அவள்மேல் தள்ளிவிடுவாளாம். எனக்குக் கல்யாணமான புதிதில் என் கொழுந்தியாள்தான் இதைச் சொன்னாள்.

"மாமா, அக்கா சரிபாதின்னு சொன்னா நம்பிடாதீங்க. அவளுக்கு அந்த ஒரு கணக்கு மட்டும் வராது."

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். என் மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து அவள் தலையில் ஒரு தட்டு தட்டினாள்.

கல்யாணமானதும் தங்கைக்கு ஒரே பிடிவாதம், அக்கா இருக்கிற தெருவில்தான் வீடு கட்டவேண்டும் என்று. எங்கள் தெரு ஒரு மேடு. கீழே மெயின் ரோட்டில் மளிகைக்கடைக்காரர் வீட்டில் ஆரம்பித்து மேலே ஏறிக்கொண்டே போகும். எங்கள் வீடு நடுவில். கையில் இருந்த காசுக்கு அவர்களுக்குக் கிடைத்தது உச்சியில் ஒரு மனை. அதற்கும் அதற்கு முந்தைய வீட்டுக்கும் நடுவில் பாறையோடு ஒரு காலியிடம், யாருக்கும் வேண்டாத இடம். என் சகலை கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர், வாய் நிறையச் சிரிப்பு. "அண்ணே, எங்க வீட்டுல தண்ணிதான் இல்ல, காத்து இலவசம்" என்பார். ஊரில் மிச்சமாகிற பெயின்ட்டையெல்லாம் கொண்டுவந்து அந்த வீட்டுக்கு அடித்தார். அறைக்கு ஒரு நிறம். பார்க்கச் சகிக்காது. ஆனால் அவர்களுக்கு அது அரண்மனை.

பிறகு ஒருநாள் சாரத்திலிருந்து விழுந்தார். உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. முன்னறையில் கட்டிலைப் போட்டுப் படுக்கவைத்தார்கள். படுக்கையிலேயே எல்லாம் என்றால் தினமும் எவ்வளவு துணி துவைக்கவேண்டியிருக்கும் என்று துவைத்தவர்களுக்குத்தான் தெரியும். அப்போது தெருவுக்கே கீழே ஒரு பொதுக்குழாய்தான். கொழுந்தியாள் குடத்தோடு இறங்குவாள், ஏறுவாள், மறுபடியும் இறங்குவாள்.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சிக்காரர்கள் வந்து, மெயின் ரோட்டு லைனிலிருந்து வீட்டுக்கு வீடு தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் தெருவுக்குள் குழாய் பதிப்பது உங்கள் செலவு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மளிகைக்காரரின் குடோனில் கூடினோம். மூட்டைகள்மேல் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருந்தோம்.

"எல்லாரும் சமமாப் போட்டுடலாம்" என்றார் எதிர்வீட்டு வாத்தியார்.

மளிகைக்காரர் நிமிர்ந்தார். "அதெப்படி? என் வீடு ரோட்டு மேலயே இருக்கு. எனக்கு வேண்டியது நாலு முழம் பைப்பு. மேட்டு வீட்டுக்குப் போற பைப்புக்கு நான் எதுக்குக் குடுக்கணும்? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற."

கீழ்வீட்டுக்காரர்கள் ஆமாம் போட்டார்கள். மேல்வீட்டுக்காரர்கள் முனகினார்கள். வழக்கம்போல எல்லாத் தலையும் என் மனைவி பக்கம் திரும்பியது. "தராசு சொல்லட்டும்."

அவள் ஒருநாள் தவணை கேட்டாள். வீட்டுக்கு வந்து என் காயில் கம்பியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துத் தரையில் நீட்டிவைத்து, அதன்மேல் வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டையாக அடுக்கினாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்டுபிடித்தது இதுதான்: ஒரு துண்டுக் குழாய் வழியாக யாருடைய தண்ணீரெல்லாம் போகிறதோ அவர்கள் மட்டும் அந்தத் துண்டுக்குக் கொடுக்கவேண்டும். முதல் துண்டு எல்லாருக்கும் பொது. அடுத்த துண்டில் மளிகைக்காரர் விலகிக்கொள்வார். அதற்கடுத்ததில் இன்னொருவர். இப்படி மேலே போகப்போகப் பங்காளிகள் குறைந்துகொண்டே வருவார்கள். யாரும் தாங்கள் பயன்படுத்தாத ஓர் அங்குலத்துக்கும் கொடுக்கவேண்டாம். கேட்டால் மறுபேச்சுப் பேசமுடியாத நியாயம்.

கடைசிப் புளியங்கொட்டை மட்டும் தனியாகக் கிடந்தது. பாறையைக் குடைந்து போகிற அந்த நீளத் துண்டுக்கு ஒரே ஒரு வீடு, அவள் தங்கை வீடு.

"ஏண்டி, வாத்தியார் சொன்ன மாதிரி சமமாவே போட்டுடேன்" என்றேன் நான்.

"தங்கச்சிக்காகப் போட்டான்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டுமே. சொன்னா வாய் வலிக்கப்போறது அவங்களுக்குத்தானே?"

"என்னை நம்பிக் கேட்டிருக்காங்க. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்புன்னு நான் வைக்க முடியாதுங்க. அவ பங்கை நாம குடுத்துக்கலாம்."

மறுநாள் காலையில் தங்கையே வந்தாள். குடத்தை வாசலில் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அக்கா சொன்னதை முழுவதும் கேட்டாள்.

"நீ குடுக்க வேணாம் அக்கா" என்றாள். "நீ குடுத்தா அது உன் பாசம். அது எனக்கு எப்பவும் இருக்கு. தெரு குடுத்தாத்தான் நானும் இந்தத் தெருக்காரி. சமமாப் போடுன்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

என் மனைவி சொல்லவில்லை. குடோனில் புளியங்கொட்டைகளை மூட்டைமேல் அடுக்கிக் காட்டியபோது மளிகைக்காரர் கைதட்டினார். "இதாம்மா நியாயம். பெத்த பொண்ணு மாதிரி வளர்த்த தங்கச்சின்னுகூடப் பார்க்கல பாரு." அவள் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது.

அதே கூட்டத்தில் இன்னொரு விதியும் போட்டாள். தெருவுக்குப் பதிக்கிற குழாயில் யாரும் மோட்டார் வைத்து உறிஞ்சக்கூடாது. ஒருவன் உறிஞ்சினால் மற்றவனுக்குச் சொட்டும் வராது. அதற்கும் எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. துண்டு துண்டாகக் காசைப் பிரித்தோம், குழாயையும் அப்படியே துண்டு துண்டாக வாங்கினோம். கீழ்த்துண்டுக்குக் கொடுக்க நிறையப் பேர் என்பதால் அங்கே தடித்த குழாய். மேலே போகப்போக ஆள் குறைந்து, கையைக் கடித்து, குழாயும் மெலிந்துகொண்டே போனது. உச்சியில் என் கொழுந்தியாள் கம்மலை விற்று வாங்கிப் போட்டது என் கட்டைவிரல் பருமன்கூட இல்லை. பிளம்பருக்கு என்ன வந்தது, வாங்கிக் கொடுத்ததைப் பதித்துவிட்டுப் போனார். காசுக்கணக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தண்ணீருக்கு அந்தக் கணக்கு தெரியாது. தாழ்ந்த இடத்தில் ஒரு குழாய் திறந்திருந்தால் அது அங்கேயே இறங்கிவிடும்.

காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் விடுவார்கள். கீழ்வீட்டு அண்டா குண்டாவெல்லாம் நிரம்பி முடிவதற்குள் நின்றுபோகும். உச்சிவீட்டுக் குழாயைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று வரும். "பார்த்தீங்களா அண்ணே, காத்து இலவசம்னு நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் சகலை, படுத்தபடியே. அந்த நகைச்சுவைக்குச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

கொழுந்தியாள் மறுபடியும் குடத்தோடு இறங்கினாள், இந்தமுறை எங்கள் வீட்டுக்கு. என் மனைவி அவளுக்கு நிரப்பிவிட்டுத்தான் எங்களுக்குப் பிடிப்பாள். நாங்கள் குளிக்காத நாள்களும் உண்டு. பாசத்தில் அவள் குறைவைக்கவே இல்லை. மேட்டில் ஏறுகிற தங்கையின் முதுகைப் பார்க்கமுடியாமல் உள்ளே போய்விடுவாள். நான் முன்னறையில் இருப்பவன், எனக்கு உள்ளே போக வழியில்லை. தினமும் பார்த்தேன். ஒருநாள் அவள் பாறைப் பக்கம் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். எழுந்திருக்க வெகுநேரம் ஆனது.

அன்றே பழைய சாமான்களைக் கிளறி ஒரு சின்ன மோட்டாரை எடுத்தேன். புதிதாகக் காயில் கட்டினேன். சத்தம் வராமல் இருக்க அடியில் ரப்பர் வைத்தேன். என் தொழிலில் நான் செய்த நல்ல வேலைகளில் அது ஒன்று. அதை உச்சிவீட்டு மாடிப்படிக்கு அடியில் மாட்டி, அங்கே கிடந்த நீல டிரம் ஒன்றுக்குள் குழாயை விட்டேன். விதியை மீறினேன், மனைவியிடம் மறைத்தேன். தப்பு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். போய் வேலையைப் பாருங்கள்.

ஸ்விட்சைப் போட்டதும் காலி டிரம்மின் அடியில் தண்ணீர் விழுந்த சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. கட்டிலில் இருந்து சகலை குரல் கொடுத்தார். "மழையா அண்ணே?"

என் கொழுந்தியாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்படியே அழுதாள்.

சில நாள்கள் அந்த வீட்டுக்குத் தண்ணீர் வந்தது. கொடியில் வெள்ளைத் துணிகள் வரிசையாகக் காய்ந்தன. என் மனைவி கீழேயிருந்து அண்ணாந்து பார்த்து, "பரவால்ல, மேல பைப்புல வர ஆரம்பிச்சிடுச்சு போல" என்று மகிழ்ந்துபோனாள். நான் காயிலைப் பார்த்தேன்.

கீழே தண்ணீர் மெலிந்தது. மளிகைக்காரர் ஆராய்ந்தார். ஒரு காலையில் நாலு பேரோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, உன் தங்கச்சி வீட்டுல மோட்டார் ஓடுது. விதி போட்டது நீதான். என்ன பண்ணலாம்னு நீயே சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு பார்வைதான். மோட்டார் எங்கிருந்து வந்திருக்கும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு மேடு ஏறினாள். பின்னாலேயே அவர்கள், அவர்களுக்குப் பின்னால் நான்.

உச்சிவீட்டில் கட்டிலின் தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை வைத்து, சகலைக்குத் தலை அலசிக்கொண்டிருந்தாள் தங்கை. தலை முழுக்க நுரை. கண்ணை இறுக்க மூடியிருந்தார். "யாரு, அண்ணனா?" என்று கேட்டார். என் மனைவி மாடிப்படிக்கு அடியில் குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

நியாயம் கேட்க வந்தவர்களுக்கே சங்கடமாகிவிட்டது. ஒவ்வொருவராக நழுவினார்கள். என் மனைவி தலைதெறிக்கக் கீழே ஓடினாள். எங்கள் வீட்டில் இருந்த இரண்டு குடத்தையும் தூக்கிக்கொண்டு, புடவையெல்லாம் நனைய, மூச்சிரைக்க மேலே வந்தாள். "தள்ளுடி, நான் ஊத்துறேன், அவருக்குக் கண்ணு எரியப்போகுது" என்றாள்.

தங்கை தன் முந்தானையால் கணவனின் தலையிலிருந்த நுரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"வேணாம் அக்கா. அது உன் பங்கு."

என் மனைவி குடங்களோடு அங்கேயே நின்றாள். நான்தான் போய் அவளிடமிருந்து குடங்களை வாங்கிக் கீழே வைத்தேன்.

அந்த வருடமே வீட்டை விற்றார்கள். வெளியூரில் சகலையின் அண்ணன் ஓர் அறை தருவதாகச் சொல்லியிருந்தார். சாமான்கள் பார்சல் ஆபீஸ் வழியாகத்தான் போயின. அன்றைக்கு என் மனைவி லீவு போட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிடந்தாள். நீல டிரம் லாரியில் ஏறவில்லை, அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். கொழுந்தியாள் வாங்க வாங்க என்று நன்றாகத்தான் கூப்பிட்டாள். டீ போட்டாள். ஒரே ஒரு பன் இருந்தது. அதைக் கத்தியால் நடுவில் வெட்டி, "இந்தா அக்கா, சரிபாதி" என்று கொடுத்தாள். பார்த்தேன். உண்மையிலேயே சரிபாதியாக இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது என் மனைவி வழிநெடுக ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். பன் துண்டு அவள் கையில் அப்படியே இருந்தது.

உச்சிவீட்டை வாங்கியவர் ஒரு பல் டாக்டர். முன்னறையில் கிளினிக் வைக்கப்போவதாகச் சொன்னார். தெருவே பூரித்துப்போனது. எங்கள் தெருவில் அன்றுவரை காரில் வந்தவர்கள் வழிதவறி வந்தவர்கள்தான். அவர் தண்ணீர் வரவில்லையே என்று ஒரு வார்த்தை சொன்னார். மறுநாளே குடோனில் கூட்டம்.

மளிகைக்காரர் தொண்டையைச் செருமினார். "பழைய பைப்பைத் தூக்கிப் போட்டுட்டு, அடியில இருந்து உச்சி வரைக்கும் ஒரே தடிமன்ல போட்டுடலாம். செலவை எல்லாரும் சமமாப் பிரிச்சுக்குவோம். ஒரே தெரு, ஒரே குடும்பம். கூடி வாழ்ந்தா கோடி நன்மை."

கீழ்வீட்டுக்காரர்கள் ஆமாம் போட்டார்கள். முனகுவதற்குக்கூட ஓர் ஆள் இல்லை. என் மனைவி மட்டும் மூட்டைமேல் இருந்து மெல்ல எழுந்தாள்.

"அப்போ அன்னைக்கு?" என்றாள்.

"அன்னைக்கு என்னம்மா?"

"அன்னைக்கு ஏன் நீங்க இப்படிச் சொல்லல?"

மளிகைக்காரர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நல்லா இருக்கே கதை! உன்னைத்தானே பிரிக்கச் சொன்னோம்? உன் தங்கச்சி வீடு வேற. சமமாப் போடுங்கன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க மாட்டோம்னா சொல்லியிருப்போம்?"

பொய். அவர் சத்தியமாக மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பார். எனக்குத் தெரியும், அங்கே இருந்த மூட்டைகளுக்கும் தெரியும். ஆனால் அவள் கேட்டுப் பார்க்கவில்லையே. கேட்காத கேள்விக்கு யார் என்ன பதில் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். அவள் மறுபடியும் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் எங்கள் பங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தாள், எல்லார் வீட்டுப் பங்கும் எவ்வளவோ அவ்வளவு. அதற்குப் பிறகு அவள் யாருக்கும் எதையும் பிரித்துத் தரவே இல்லை.

பாறையை மிஷின் வைத்து உடைத்தார்கள். வேலை முடிந்த காலையில் டாக்டர் வீட்டில் முதல்முதலாகத் தண்ணீர் திறக்கப்போகிறார்கள் என்று தெருவே மேலே போனது. "நீயும் வா" என்று யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

வீடு முழுக்க வெள்ளை அடித்திருந்தார்கள். சகலையின் நிறங்கள் எதுவும் இல்லை. மாடிப்படிக்கு அடியில் மட்டும் அந்த நீல டிரம் அதே இடத்தில் இருந்தது, வேலையாட்கள் சிமென்ட் கலக்கப் பயன்படுத்தியிருப்பார்கள். டாக்டர் குழாயைத் திருகினார். மோட்டார் இல்லாமல், யாரையும் கேட்காமல், கை பருமனுக்குத் தண்ணீர் வந்து டிரம்முக்குள் இறங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

என் மனைவி கூட்டத்தை விட்டு விலகி, கட்டில் கிடந்த இடத்தில் போய் நின்றாள். என் சட்டைப்பையில் இருந்து போனை எடுத்தாள். நான்தான் நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் மணி அடித்தது. தங்கை எடுத்தாள்.

"தண்ணி வந்துடுச்சுடி" என்றாள் இவள். குரல் உடைந்தது. "நல்லா வருதுடி. சத்தம் கேக்குதா பாரு. நல்லா வருது."

போனை டிரம் பக்கம் நீட்டினாள். கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. பிறகு தங்கை பேசினாள். கோபம் இல்லை, குத்தலும் இல்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள்.

"யாரு வீட்டுக்கு அக்கா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். போனை என் கையில் கொடுத்துவிட்டாள்.